பேரைச் சொன்னால்தான் ஊசி

போன வாரம் அடையாறில் என் கணவருக்குக் கண் ஆபரேஷன். சொட்டு மருந்து போட வந்த சின்னப் பெண் அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையை ஒரு கருவியால் தடவினாள். 'கீச்' என்றது. ரிடையர் ஆன நர்சு வாயைச் சும்மா வைத்திருப்பாளா? "பேரைக் கேக்கலியேம்மா?" என்றேன். "அதான் கேட்டுடுச்சே மேடம்" என்று கருவியைக் காட்டிச் சிரித்தாள். கெட்டிக்காரிதான்.

தரையில் ஃபினாயில் வாசனை. அந்த வாசனை வந்தாலே எனக்கு மயிலாப்பூரில் நான் நர்சிங் படித்த ஆஸ்பத்திரியின் சனிக்கிழமைகள்தான். அன்றுதான் வார்டைக் கழுவுவார்கள். நோயாளிகளை வெளியே உட்கார வைத்து, கட்டில்களைத் தள்ளி, தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுவார்கள். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று மருந்தியல் பாடத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டு நான் குறுக்கும் நெடுக்கும் அலைவேன். கொண்டையில் பாதி முடி எப்போதும் வெளியே தொங்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, மே மாத வெயில். சாப்பாட்டுக்கு முன் ஆறுமுகம் என்பவருக்கு இன்சுலின் போட வேண்டும். மின்விசிறிக்குக் கீழே இருந்த கட்டிலில் அவர் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. படுத்திருந்தவர் கண்ணே திறக்கவில்லை. பக்கத்தில் மனைவி, ஆற்றோரக் குடிசைப் பகுதிக்காரி.

"இவரு பேரு என்னம்மா?"

"ஐயே, இன்னா பாப்பா இது! கட்டிக்கினவரு பேர நான் எப்டி சொல்றது? அவரு ஆயுசு கொறைஞ்சி பூடும்."

'ஆறுமுகமா?' என்று கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் பெயரை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவர்கள் வாயால்தான் வர வேண்டும் என்பது பாடம். நான் நகரவில்லை. கடைசியில் அவளே இரக்கப்பட்டு, "மலை மேல வேலு வச்சிக்கினு நிக்கிறாரே, அவரு பேருதான்" என்றாள்.

"அப்போ ஆறுமுகம்தாம்மா! அட்டையில எழுதிக்கீதே, போட்டுட்டு போவியா!" என்றார் அன்றுதான் வந்து சேர்ந்த அடுத்த கட்டில் பாய். வார்டே சிரித்தது. அந்தம்மாவும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். வார்டுக் கோடியிலிருந்து பொறுப்பு சிஸ்டர், "சாப்பாடு வந்துடுச்சு, இன்னும் என்னடி பண்றே?" என்று கத்தினார். ஆனாலும் பிடிவாதம் விடுமா? "நீங்க சொன்னாத்தாம்மா ஊசி" என்றேன்.

அவள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுவர்ப்பக்கம் திரும்பி, மூச்சுக் காற்றாகச் சொன்னாள்.

"தண்டபாணி."

ஊசியை அப்படியே தட்டில் திருப்பி வைத்தேன். இரண்டு நாளாக ஒரு வாய் சாப்பிடாமல் காய்ச்சலில் கிடந்த மனுஷன் அவர். வார்டைக் கழுவி முடித்ததும், காற்று வருகிற இடமாகப் பார்த்து அவள்தான் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறாள். அந்த ஊசி போயிருந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கி, தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்திருக்கும்போதே ஆள் போயிருப்பார். அந்த நேரம் பார்த்து, பீடி குடிக்கப் போயிருந்த ஆறுமுகம் வந்து, "யாருய்யா என் கட்டில்ல?" என்றார்.

சிஸ்டர் வந்து என் கொண்டை ஊசியைச் சரியாகச் செருகிவிட்டுப் போனார். அன்று நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டுமே நீங்கள்! இன்று நினைத்தாலும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

வீட்டுக்குப் போகிற நாளில் தண்டபாணி மனைவியைச் சீண்டினார். "எம்பேர ஊருக்கே சொன்னியாமே, இன்னொரு வாட்டி சொல்லேன்." அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு விடுவிடுவென்று முன்னால் நடந்துவிட்டாள்.

அந்த வார்டை இடித்துவிட்டார்கள். கணவனை வாடா போடா என்று கூப்பிடும் காலம் இது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சொன்னால் உயிர் போய்விடும் என்று நம்பிய பெயரை, அதே உயிருக்காகச் சொன்ன ஒருத்தியை இனி எந்த நர்சும் பார்க்கப்போவதில்லை. நான் பார்த்தேன்.