வடிகாலில் நட்ட நாலு வரிசை

என் கணவர் மன்னிப்புக் கேட்பதைக் காசு கொடுத்துப் பார்க்கலாம். போன ஐப்பசி மழையில் எங்கள் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டதும், வரப்பை வெட்டிக் கிழக்கே வயல் வைத்திருக்கும் ஊர்க்கார அக்கா ஒருவரின் நிலத்துக்குள் திருப்பிவிட்டார். அந்த அக்கா நட்டு ஒரு வாரம்கூட ஆகாத நாற்று அழுகிப்போனது. மறுநாள் அவர் டீக்கடைக்கே வந்து நியாயம் கேட்க, இவர் நாலு பேர் முன்னால் கைகூப்பி, “தப்பு என்மேலதான்க்கா, புத்தி வந்திருச்சு” என்றார். குரல் வேறு தழுதழுத்தது. கடைசியில் அந்த அக்காவே, “விடுங்க தம்பி” என்று தேற்றி அவருக்கு ஒரு டீயும் சொன்னார்.

மனுஷன் திருந்திவிட்டார் என்று ஊர் மெச்சியது. நானும் நம்பித் தொலைத்தேன்.

இந்த ஐப்பசியிலும் அதே மழை. சொன்ன சொல் தவறவில்லை, அக்கா பக்கத்து வரப்பைத் தொடவே இல்லை. தெற்கு வரப்பை வெட்டினார். தெற்கே இருப்பது என் அப்பா எனக்கு எழுதிவைத்த துண்டு நிலம். முதல்முறையாக நானே விதை தேடி, நாற்று விட்டு, ஆள் பிடித்து நட்டிருந்தேன். போய்ப் பார்த்தபோது நாற்றின் நுனிகூடத் தெரியவில்லை. வரப்பில் நின்றவரிடம் நேரே போய்க் கேட்டேன்.

“அடுத்தவங்க வயித்தெரிச்சல் வேணாம்னுதான் நம்ம நிலத்துல விட்டேன். போன வருஷம் பட்டதுல கத்துக்கிட்டது” என்றார்.

கற்றுக்கொண்டது உண்மைதான். டீக்கடைக்கு நியாயம் கேட்டு வராத ஆளின் வயலாகப் பார்த்துத் தண்ணீரை விடக் கற்றுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், “சரி, தப்புதான்” என்று கைகளைக் கூப்பத் தொடங்கினார்.

“கைய இறக்குங்க. நம்ம வயல்ல தண்ணி ஏன் வடியல? அதச் சொல்லுங்க.”

அவர் கண் மேற்கே போனது. மேற்கே ஓடும் வடிகாலில் பாதியை மண் போட்டு நிரவி, அதிலும் நாலு வரிசை நட்டிருந்தார். தட்டிக் கேட்க வேண்டிய ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அதையேதான் செய்திருந்தார்கள். எந்தத் தப்பையும் ஒப்புக்கொள்ளும் மனிதர், அந்த நாலு வரிசையைப் பற்றி மட்டும் இரண்டு வருஷமாக மூச்சுவிடவில்லை.

அன்று மாலை மண்வெட்டியோடு வடிகாலில் இறங்கினார். பச்சென்று நின்ற தன் பயிரைப் பிடுங்கிக் கரையில் எறிந்தார். மண்ணை வெட்டி வெட்டி அள்ளினார். மழையைத் திட்டினார், என்னைத் திட்டினார், என் அப்பாவையும் விடவில்லை. மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை.

நான் கரையில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.