பதினேழாம் நம்பர் ஆணி

பித்தளைக்கு ஒரு ருசி உண்டு. முதலில் சில்லென்று இருக்கும், அப்புறம் லேசாகப் புளிக்கும், துப்பிய பிறகும் வெகுநேரம் நாக்கிலேயே கிடக்கும். சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீட்டிலிருந்து 'பேபி ரூமு'க்குப் போகிற வழியெல்லாம் என் டோக்கன் என் வாயில்தான் இருக்கும். "முழுங்கித் தொலைச்சியின்னா டோக்கனுக்குப் பதிலா உன்னியதான் ஆணியில மாட்டணும்" என்று அம்மா திட்டிக்கொண்டே வருவாள். நடுவில் இருபத்தொன்று என்று எண் குத்திய சின்ன வட்டத் தகடு அது.

பேபி ரூம் என்பது தங்கச் சுரங்கத்துக் கம்பெனி, தன்னிடம் வேலை செய்த பெண்களின் பிள்ளைகளுக்காக நடத்திய ஒற்றை அறை. பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகளை விட ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னதால் வந்தது என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஆனால் டோக்கன் பழக்கம் எந்தச் சட்டத்திலும் இல்லை, அது சுரங்கத்திலிருந்து வந்தது. கூண்டில் ஏறிக் கீழே இறங்குகிற ஒவ்வொருவரின் டோக்கனும் மேலே ஒரு பலகையில் தொங்கும், ஏறி வந்தவர் தன்னுடையதை எடுத்துக்கொள்வார், ஷிப்ட் முடிந்தும் ஒன்று மிச்சமிருந்தால் உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். பிள்ளைகளுக்கும் அதே கதைதான். காலையில் அம்மா ஆணியில் மாட்டுவாள், சாயங்காலம் அதை எடுத்தால்தான் பிள்ளையைக் கூட்டிப் போகலாம். பலகையில் ஒரே ஒரு டோக்கன் தொங்கினாலும் அறையைப் பூட்டக் கூடாது.

எங்கள் அறையை யாரும் பூட்டியதே இல்லை, ஏனென்றால் பதினேழாம் நம்பர் டோக்கனை எடுக்க யாரும் வந்ததே இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே அது அங்கே தொங்கியது. ஒரு காலை ஒருத்தி வந்து பையனை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள், சாயங்காலம் திரும்பவில்லை என்பது வரைக்கும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வார்கள். அவளுக்கு என்ன ஆனது, அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை, இல்லாவிட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அறையைப் பார்த்துக்கொண்ட எஸ்தர் ஆயம்மா மட்டும் மாற்ற மாட்டார். "உள்ள ஒருத்தன் கீறான், அவங்கம்மா வர்ற வரிக்கும் நாமதான் பாத்துக்கணும்" என்பார். எங்களுக்குப் பாய் விரிக்கும்போது அவனுக்கும் ஒன்று விரிப்பார், சாயங்காலம் கிளம்பும்போது ஒரு தட்டில் உப்புமாவைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போவார். காலையில் தட்டு காலியாகக் கழுவிக் கவிழ்த்திருக்கும். பூனை வேலை என்பார்கள். சாம்பியன் பூனைகள் தட்டும் கழுவுமா என்று யாரும் கேட்டதில்லை.

எனக்கு நாலு வயது நடக்கும்போது சுரங்கத்தை மூடினார்கள். அப்பா அதற்கு முன்பே நெஞ்சுநோயில் போய்ச் சேர்ந்திருந்தார். கம்பெனி கேண்டீனில் இருந்த அம்மாவின் வேலையும் போக, விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பேபி ரூமை சர்க்கார் அங்கன்வாடியாக எடுத்துக்கொண்டது, ஆயம்மா அங்கேயே இருந்தார், ரயில் வரும்வரை என்னை வைத்துக்கொண்டார். ஆனால் லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின, பிள்ளைகள் குறைந்தார்கள், இத்தனை தலை இருந்தால்தான் மையம் நடக்கும் என்று ஒரு கணக்கு வந்தது. எங்களுக்கு ஒரு தலை குறைந்தது. மூடிவிட்டால் என்னைப் பேத்தமங்களாவில் இருக்கும் அத்தை வீட்டில் விடுவதாக அம்மா முடிவு பண்ணிவிட்டாள். என் பாவாடை சட்டையையெல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்ததை நான் பார்த்தேன், அந்தப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

ஆபீசிலிருந்து தலை எண்ணும் மேடம் வந்தது ஒரு மத்தியானம். காற்றடிக்கும் நாள்களில், தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த சைனைட் மேட்டிலிருந்து சாம்பல் நிறத் தூசி கிளம்பி ஊரையே மூடும் என்பதால், ஜன்னலைச் சாத்தி, தலையோடு போர்வையை இழுத்துவிட்டு எங்களைத் தூங்கவைத்திருந்தார் ஆயம்மா. எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகளை எழுப்பட்டுமா என்று ஆயம்மா கேட்டதும், "எப்பிஸ்பேடி" என்று அந்த அம்மா கன்னடத்தில் தடுத்ததும் காதில் விழுந்தது. பிறகு செருப்பில்லாத கால்கள் பாய்களுக்கு நடுவே நடந்துவந்தன. ஒந்து, எரடு, மூரு என்று எண்ணிக்கொண்டே வந்து என் தலைமாட்டில் நின்று ஓர் எண் சொன்னார். எனக்கு அடுத்த பாய் பதினேழாம் நம்பருடையது. அங்கேயும் நின்றார். அங்கேயும் ஓர் எண் சொன்னார்.

போர்வை ஓட்டை வழியாக நான் திரும்பிப் பார்த்தேன். மடித்து வைத்திருந்த போர்வை விரிந்து கிடந்தது, அதற்குள் யாரோ முட்டியை மடக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள், மூச்சுக்கு மூச்சு அது ஏறி இறங்கியது. "சரியாகிதே" என்றார் மேடம். கணக்கு சரியாகிவிட்டது, மையம் பிழைத்துவிட்டது. அவர் ஜீப் கிளம்பிய சத்தம் அடங்கியதும் நான் மெல்லக் கையை நீட்டினேன். போர்வை தட்டையாகிக் கிடந்தது, ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். சத்தியமாக இல்லை. அத்தை வீட்டுக்குப் போகவேண்டாம் என்ற சந்தோஷத்தில் அந்தப் போர்வையை இழுத்து என் மேலும் போர்த்திக்கொண்டு தூங்கிப்போனேன்.

ஆயம்மாதான் தலையணையை வைத்து ஏதோ செய்திருப்பார் என்று வளர்ந்த பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுண்டு. கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "நான் இன்னாத்தடி பண்ணேன்? கதவாண்ட நின்னுகினு வெடவெடன்னு நடுங்கினு இருந்தேன். நீ பக்கத்துல படுத்துகினு இருந்தவ, நீ சொல்லு" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதற்கப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது அதே விடிகாலை ரயிலில் நான் போகிறேன். பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கும் நாளைவிட இல்லாத நாளே அதிகம். போன வருடம் என் மகள் ஜெனியை அதே அறையில்தான் விட்டேன், அவளுக்கும் அதே இருபத்தொன்று. சத்துமாவு வேண்டுமென்றால் மொபைலில் முகத்தைக் காட்ட வேண்டும், தினமும் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று எத்தனையோ புதுசு வந்துவிட்டது. வேலைக்குப் போகிற அம்மா எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்று மட்டும் எந்த மகராசனும் கேட்கவில்லை. பிற்பகலே மையத்தை மூடச் சொல்கிறது ஆர்டர், ரயில் வருவதோ விளக்கு வைத்த பிறகு. அப்போதிருந்த டீச்சர், சின்னப் பெண், "டோக்கன் தொங்குதுல்ல அக்கா, எப்படிப் பூட்டிட்டுப் போறது?" என்று சிரித்துக்கொண்டே ஜெனியோடு உட்கார்ந்திருப்பாள். அதற்கு அவளுக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

போட்டோவில் மறுபடியும் ஒரு தலை குறைந்தது. இந்தத் தடவை எண்ணியது மனுஷி இல்லை, மொபைல். போர்வை மூடிய தலையெல்லாம் அதன் கணக்கில் வராது. பக்கத்து மையத்தோடு சேர்க்கச் சொல்லி ஆர்டர் வந்துவிட்டது. அங்கே மணி அடித்தால் பூட்டு விழும். ஆபீசுக்கு நடந்தேன், மற்ற அம்மாக்களிடம் கையெழுத்து வாங்கினேன், ஒரு பயனும் இல்லை.

கடைசி வாரத்தில் ஒரு நாள் ரயில் லேட். சாம்பியன் ஸ்டேஷனில் குதித்து ஓடாத குறையாக வந்து சேர்ந்தேன். வாசல் விளக்கடியில் ஜெனி பையை மாட்டிக்கொண்டு நின்றாள். டோக்கனை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இருபத்தொன்று தொங்கியது, பதினேழாம் ஆணி வெறுமையாக இருந்தது, அத்தனை வருடம் தகடு மறைத்திருந்த இடத்தில் மரம் மட்டும் வட்டமாக வெளுத்துக் கிடந்தது. டீச்சரும் எழுந்து வந்து பார்த்தாள். "ஜீசஸ் மேல ஆணையா யாரும் வரலக்கா, நான் இங்கயேதான் உக்காந்துனு இருந்தேன்" என்றாள்.

ஜெனி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அவங்கம்மா வந்து அவனைக் கூட்டினு போய்ட்டாங்கம்மா. நீதான் இன்னிக்கும் லேட்டு."

என் பிள்ளையின் டோக்கனை நான் எடுத்ததும் பலகை காலியாகிவிட்டது. அன்றைக்குத்தான் அந்த அறைக்கு முதல் பூட்டு விழுந்தது, சாவி திரும்பாமல் டீச்சர் ரொம்ப நேரம் போராடினாள். இப்போது கூரை ஓட்டில் பாதி இல்லை, பலகையையும் யாரோ விறகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஜெனி இப்போது பேத்தமங்களாவில், என் அதே அத்தை வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பஸ் பிடித்துப் போகிறேன். கண்ணில் பட்டதுமே ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்றா நினைக்கிறீர்கள்? முதலில் உள்ளே போய் அந்த இருபத்தொன்றாம் நம்பர் டோக்கனை எடுத்துவரச் சொல்வாள், நான் எடுத்த பிறகுதான் இடுப்பில் ஏறுவாள். சமையற்கட்டு வாசலில் அவளே அத்தையிடம் சொல்லி ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறாள். நான் கிளம்பும்போது முக்காலியில் ஏறி அதை மாட்டிவிட்டு, "நான் உள்ள இருக்கேம்மா" என்கிறாள், அழுவதில்லை. அழுவதெல்லாம் நான்தான். யார் வந்து கேட்டாலும் அந்த டோக்கனை எடுக்க விடாதே என்று ஒவ்வொரு வாரமும் அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். "யாருடி வரப் போறாங்க?" என்கிறாள் அத்தை.