கோலம் போடாத மூன்றாம் நாள்

நாலு புள்ளி வைத்து, நாலு வளைவு இழுத்து, கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்ததும் அமுதவல்லி பார்ப்பது எதிர்வீட்டுக் கேட்டைத்தான். தம்பி பெண்டாட்டி செவந்தி பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்து, கோலத்தின்மேல் ஒரு பார்வை போட்டுவிட்டுப் போனால்தான் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரி. அதுவரை படியை விட்டு நகர மாட்டாள்.

“மதினி, இது கோலமா, காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரியா?” என்பாள் செவந்தி. முப்பத்தைந்து வருடம் ஆவடியில் நர்ஸாக இருந்த அமுதவல்லியின் கை. அதற்கு வந்தது அவ்வளவுதான்.

“அழகப் பாக்காதடி. இருக்கான்னு மட்டும் பாரு.”

அதுதான் ஒப்பந்தம். கல்யாணம், குழந்தை என்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் தனியாகவே காலம் தள்ளியவள், அறுபத்தாறு வயதில் அடித்துப் பிடித்துக் கீரனூருக்கு வந்ததற்குக் காரணம் ஒரு கதவு. ஆவடியில் பக்கத்து ஃபிளாட் கதவு. அதில் மாட்டியிருந்த பையில் ஒரு நாள் ஒரு பால் பாக்கெட், மறுநாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. அப்புறம்தான் கதவை உடைத்தார்கள். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்ட நர்ஸம்மாவுக்கு அன்றைக்கு உள்ளே போய்ப் பார்க்கத் துணிவு வரவில்லை. அந்த மூன்று நாளும் அந்த வழியாகத்தானே அவளும் போனாள், வந்தாள்!

தம்பி தங்கமுத்து தன் வீட்டிலேயே ஓர் அறை ஒழித்துத் தருகிறேன் என்றான். “வேணாம்ப்பா. கூடவே இருந்தா சண்ட வரும். எதுக்க இருந்தாப் போதும்” என்று எதிர்வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். கோலம் இருந்தால் ஆள் இருக்கிறாள். இல்லாவிட்டால் மட்டும் வந்து பார்க்க வேண்டும். கதவை உடைக்கும்படி ஆகிவிடக் கூடாதென்று ராத்திரி தாழ்ப்பாளும் போடுவதில்லை. திருடன் பயத்துக்கு, கதவை ஒட்டி உள்பக்கம் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தைச் சாய்த்து வைப்பாள். யாராவது தள்ளினால் தெருவே விழித்துக்கொள்ளும். ஒரு பயத்துக்கு மருந்தாக இன்னொரு பயம். தூக்கம்தான் இரண்டுக்கும் நடுவில் காணாமல் போயிற்று.

எட்டு மாதம் இப்படி ஓடியது. போன மாதம் இலுப்பூரில் பங்காளி வகையில் ஒரு பெரியவர் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை தீட்டு. பங்காளி வீடுகளில் கோலம் கிடையாது. கல்யாணமாகாதவளுக்குப் பிறந்த வீட்டுத் தீட்டு அப்படியே உண்டு. சாவு வீட்டில் எல்லோரும் அழ, அமுதவல்லியும் அழுதாள். ‘ஐயோ, பதினாறு நாளைக்கு நான் இருக்கேனா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?’ என்றுதான் அழுதாள். செத்தவர் நினைப்பே இல்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

செவந்தியிடம் வேறு ஏதாவது அடையாளம் பேசி வைத்திருக்கலாம். கேட்க நாக்கு எழவில்லை. துக்கத்துக்கு நடுவே தன் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே என்று நினைத்துவிட்டால்? முதல் இரண்டு நாளும் வாசல் தெளித்துவிட்டு, இரும்பு வாளியைப் படியில் ‘ணங்’கென்று போட்டாள். செவந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் விடிகாலையில் எழுந்து உட்கார்ந்தவளுக்கு அறையே சுழன்றது. அப்படியே சாய்ந்தாள். தலையைத் தூக்கினால் குமட்டியது; செல்போனோ சமையலறையில் சார்ஜில் கிடந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. பால்காரர் வந்தார், போனார். எதிர்வீட்டுக் கேட் கிறீச்சிட்டது. செவந்தி வாசல் கூட்டும் சத்தம் சீராகக் கேட்டது. கோலமே போடக் கூடாத நாளில் எதைக் காணோமென்று அவள் தேடுவாள்? மூன்றாம் நாள், மூன்றாம் நாள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கூட்டும் சத்தம் நின்றது.

‘டமார்’ என்று தாம்பாளம் விழுந்தது. கையில் துடைப்பத்தோடு செவந்தி மூச்சிரைக்க நின்றாள்.

“என்னாச்சு மதினி? வாளிச் சத்தத்தக் காணோமே!”

“தல... சுத்துதுடி.”

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிலில் உட்கார்ந்தவளின் மணிக்கட்டை அமுதவல்லி எட்டிப் பிடித்தாள். முப்பத்தைந்து வருடப் பழக்கம். விரல்கள் தாமாக நாடியில் போய் உட்கார்ந்தன. நூற்றிருபதுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது செவந்தியின் நாடி. எண்ணி முடித்த பிறகும் அமுதவல்லி விரலை எடுக்கவில்லை.