ஒரு லயத்துக்கு ஒரு டியூப்

ஒரு லயத்து ஜனங்கள் மொத்தமும் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற காலம் ஒன்று உண்டு. நான் பெரிய மனிதனாகிவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் கையில் கண்ணுக்குப் போடும் களிம்பு டியூப் ஒன்று இருந்தது. அந்த மரியாதை அதற்குத்தான்.

அப்போது நான் ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பள்ளிக்கூடம் என்பது ஒரே ஒரு கூடம். வாத்தியார்கள் என்பது நான் ஒருவன். பிறந்து வளர்ந்த அதே லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசையில், அக்கா வீட்டில்தான் இருந்தேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவள் அவள். அதனால் என் உத்தியோகத்தின் பெருமையில் முக்கால்வாசி அவளுக்குச் சொந்தம். மிச்சக் கால்வாசியை வைத்துக்கொண்டு நான் போட்ட ஆட்டம் கொஞ்சமல்ல. தினமும் வெள்ளைச் சட்டை. சட்டைப்பையில் நாலாக மடித்த லேஞ்சி. அது மூக்கைத் துடைப்பதற்கல்ல. கைக்குட்டை வைத்திருக்கிற ஆள் என்று காட்டுவதற்கு.

அந்த வருஷம் தை மாதத்தில் அக்கா எனக்குப் பெண் பார்த்திருந்தாள். இறம்பொடையில் ஒரு தோட்டத்துக் கங்காணியின் மகள். அதற்கு முன் வந்த சம்பந்தங்கள் எல்லாம் தட்டிப் போயிருந்தன. ஒரு வீட்டில் நான் ஒல்லி என்றார்கள். இன்னொரு வீட்டில் அதிகம் பேசுகிறேன் என்றார்கள். "இதுவும் இல்லேன்னு ஆச்சுன்னா இனிமே உனக்காக நான் ஒரு வீட்டுப் படியும் மிதிக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள் அக்கா.

அவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அந்தப் பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். நுவரெலியா பஸ் நிலையத்தில், பாட்டியம்மா ஒருத்தியை ஏற்றாமல் கிளம்பப் பார்த்த பஸ்ஸை வழிமறித்து, கண்டக்டரை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள். கூட இருந்தவர்களிடம் விசாரித்து இன்னார் மகள் என்று தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து எனக்கு வேறு பெண் வேண்டாம் என்றாகிவிட்டது. அக்காவிடம் சொல்ல வெட்கம். அவளாகவே அதே வீட்டைத் தேடிப் பிடித்தபோது நான் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க நாள் குறித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் கண்வலி வந்தது. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போன பெண்களின் கண்கள் மிளகாய்ப்பழம் போலிருந்தன. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அவர்களை மலைக்கு அனுப்பாமல் வீட்டுக்கே திருப்பி விட்டார். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலிக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியிலோ களிம்பு டியூப் போதிய அளவு இல்லை. டிஸ்பென்சர் ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"லயத்துக்கு ஒரு டியூப்புதான் வாத்தியார். படிச்ச ஆளு நீங்க, உங்க லயத்த நீங்கதான் பாத்துக்கணும். டியூப்பு மூக்கு யாரு கண்ணுலயும் படக்கூடாது. ஒரு ஆளுக்குப் போட்டதும் சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டுத்தான் அடுத்த ஆளு. வெளங்குச்சா?"

'படிச்ச ஆளு' என்பது வரை தெளிவாகக் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதை மனசு அரைகுறையாகத்தான் வாங்கிக்கொண்டது. ஊர்ப் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதே என்று உள்ளுக்குள் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

லயத்துக்கு வந்ததும் நானே சட்டம் போட்டேன். எங்கள் ஜனங்களுக்குச் சுத்தம் என்றால் எச்சில் படாமலிருப்பதுதான். செம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கத் தெரிந்தவன் சுத்தக்காரன். வாய் வைத்துக் குடிப்பவன் அசுத்தக்காரன். உலகத்தில் உள்ள எல்லா நோயும் வாயிலிருந்துதான் கிளம்புகிறது என்பது எனக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. ஆகவே, மருந்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவிட்டேன்.

"மருந்து கண்ணுக்குத்தானே தம்பி, வாய எதுக்குப் பொத்தணும்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அக்கா.

"எச்சி தெறிச்சா டியூப்பு கெட்டுப்போகும்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனாலும் பொத்திக்கொண்டாள். வாத்தியார் சொன்னால் ஏதோ இருக்கும் என்று நம்புகிற காலம் அது.

இரண்டாவது சட்டம் எனக்கு நானே போட்டுக்கொண்டது. கண்வலிக்காரரின் கண்ணைப் பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே முகத்தைத் தேயிலை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, விரலால் தடவிப் பார்த்து, இமையை இழுத்து மருந்து போட்டேன். முதல் நாள் பாதி மருந்து மூக்கிலும் புருவத்திலும் போயிற்று. போகப் போகக் கை பழகிவிட்டது.

மூன்றாவதுதான் என் புத்திசாலித்தனத்தின் சிகரம். ஒவ்வொரு ஆளுக்கும் போட்டு முடித்ததும் டியூப்பின் மூக்கை என் வெள்ளை லேஞ்சியால் துடைத்தேன். எல்லாரும் பார்க்கும்படி சுழற்றிச் சுழற்றித் துடைத்தேன். அதே லேஞ்சியில் விரலையும் துடைத்துக்கொண்டேன். கை கழுவினேனா என்றால், ஆரம்பத்தில் ஒரு தடவை ஆடம்பரமாகக் கழுவினேன். லயத்துக்குக் கீழே பீலிக் குழாயில் கொட்டும் ஊற்றுத் தண்ணீர் தை மாதத்து விடியலில் எப்படி இருக்கும் என்று மலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதில் கையை வைத்துவிட்டால் விரல் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஆளுக்கு ஒரு தடவை அதில் கை நனைக்க எனக்குப் பைத்தியமா?

இரண்டு மூன்று நாளில் பக்கத்து லயங்களில் கண்வலி குறைந்தது. எங்கள் லயத்தில் கூடியது. சும்மா ஒரு உறுத்தல் என்று வந்தவர்கள்கூட மறுநாள் கண் திறக்க முடியாமல் வந்தார்கள். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. யாரோ வாயைச் சரியாகப் பொத்தவில்லை என்று முடிவு கட்டி, சுகாதாரத்தைப் பற்றி நீண்ட பிரசங்கம் ஒன்று செய்தேன். பேச்சுக்கு நடுவே வியர்த்தது. லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தேன், கண்ணையும் துடைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் எனக்குக் கண் திறக்கவில்லை. வெந்நீர் வைத்து அக்காதான் பிரித்துவிட்டாள். பிரித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறவன் கண்ணாடா இது!"

டிஸ்பென்சர் ஐயா வந்தார். எப்படி மருந்து போட்டேன் என்று செய்து காட்டச் சொன்னார். அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமை போகவில்லை. முகத்தைத் திருப்பி, இமையை இழுத்து, லேஞ்சியைச் சுழற்றி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு குச்சியால் அந்த லேஞ்சியைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்பில் போட்டார்.

"ஒருத்தர் கண்ணுல இருந்தத எடுத்து அடுத்தவருக்குப் பூசியிருக்கீங்க வாத்தியார். டியூப்பப் பெட்டியில வச்சுப் பூட்டியிருந்தாக்கூட இவ்வளவு பேருக்கு வந்திருக்காது. இனிமே கையக் கழுவுங்க."

பக்கத்து வீட்டு அக்கா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அன்று மத்தியானத்துக்குள் சேதி தோட்டம் முழுக்கப் போய்விட்டது. மானம் கப்பலேறியது என்பார்கள். என்னுடையது ராகலை பஸ்ஸிலேயே ஏறியது.

பெண் பார்ப்பதைத் தள்ளிப்போட வழியில்லை. பெண் வீட்டார் சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். போகாவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். ராகலை டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் கடைக்கு ஓடி ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். "தொர மாதிரி இருக்கீங்க தம்பி" என்றார் நானா. விற்கிறவர் வேறு என்ன சொல்வார்?

இறம்பொடையில் அன்று பக்கத்தில் நிற்கும் ஆளே தெரியாத மூடுபனி. அந்தப் பனிக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கிய மாப்பிள்ளையைப் பார்க்க லயமே வெளியே வந்தது. நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே போனேன். முறைப்படி செம்பில் தண்ணீரும் தோளில் போட்ட துண்டுமாக வந்து உபசரித்தார் பெண்ணின் அப்பா. டிஸ்பென்சர் ஐயா சொன்னது ஞாபகம் வந்து, கையை நன்றாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி, துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். துண்டைப் பற்றி டிஸ்பென்சர் ஐயா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

யாரைப் பார்க்க அவ்வளவு தூரம் போனேனோ அவளை மட்டும் பார்க்க முடியவில்லை. ஒரு நிழல் தேத்தண்ணீரோடு வந்தது, குவளையை நீட்டியது, போய்விட்டது. பதில் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

பதில் அடுத்த வாரம் வந்தது, நுவரெலியா மார்க்கெட்டுக்கு மரக்கறி கொண்டுபோய்த் திரும்பியவர்கள் வாய் வழியாக. இறம்பொடையில் அந்த வீட்டில் அப்பா, அம்மா, மகள் எல்லாருக்கும் கண்வலியாம். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டு வந்த ரகசியம் அங்கே எல்லாருக்கும் விளங்கிவிட்டதாம்.

"ஊரு உலகத்துல மாப்பிள்ளைங்க பூவும் பழமும் கொண்டுபோவாங்க. நீ நோயக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்திருக்க" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. பஸ்ஸை மறித்து நின்றவளை ஒரு துண்டால் துடைத்தெறிந்துவிட்டேனே! அன்றைக்குத்தான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நீயே போய்ப் பேசு" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குக் கண் தெளிந்திருந்தது. டிஸ்பென்சர் ஐயாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி ஒரு புது டியூப் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மன்னிப்புப் பேச்சு ஒன்றைத் தயாரித்தேன். இறம்பொடையில் இறங்கும்போது அதில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

வாசலில் அவளுடைய அம்மா சிவந்த கண்ணோடு நின்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"இன்னும் என்ன பாக்கின்னு வந்தீங்க? இவரு பெரட்டுக்குப் போகல. இந்தப் புள்ள ரெண்டு நாளா சாப்பிடல. தெரிஞ்சேதானே கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்தீங்க?"

"தெரிஞ்சுதாங்க வந்தேன்" என்றேன். "வராட்டி வேணாமுன்னு சொன்னதா நெனச்சிருவீங்கன்னு பயந்தேன். இது மருந்து. குடுத்துட்டுப் போயிர்றேன்."

டியூப்பை நீட்டினேன். அம்மா வாங்கவில்லை. அப்போது உள்ளேயிருந்து மகள் வந்தாள். இரண்டு இமையும் வீங்கி, கன்னமெல்லாம் சிவந்து, தலை வாராமல் இருந்தாள். கூச்சப்பட்டுத் தலைகுனிகிற நிலைமையெல்லாம் தாண்டிப் போயிருந்தது. என் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். கண்டக்டரைப் பார்த்த அதே பார்வைதான். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவள் என் கையிலிருந்து டியூப்பை எடுத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இவருகிட்டருந்து இனிமே தொத்துறதுக்கு என்னம்மா இருக்கு? வந்தது வந்துருச்சு. சரின்னு சொல்லி அனுப்புங்க."

அம்மா மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அழுகை பொத்துக்கொண்டு வந்து, முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்கப் போனாள்.

"தொடைக்காதீங்க!" என்று மகளும் நானும் ஒரே குரலில் கத்தினோம்.