ஒரு பக்கப் பொதி

செப்டம்பர் மாதத்து வியாழக்கிழமை அது. பள்ளிப் பேருந்துகள் இன்னும் கொட்டகையை விட்டுக் கிளம்பாத வேளையில், ரோடா ஸ்டால்நெக்கர் தன் பிக்கப் வண்டியை முற்றத்திலிருந்து பின்னுக்கு எடுத்தாள். வண்டியில் ஒரு துப்பாக்கிப் பெட்டியும் ஒரே ஒரு பையும் இருந்தன. எதிர்வீட்டு அடுக்களையில் விளக்கு எரிந்தது. அது அவள் அண்ணன் லாமரின் வீடு. திரைச்சீலை ஓர் ஓரமாக ஒதுங்கியிருந்தது. அவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். ஹார்னை இரண்டு முறை தட்டினாள். கதவு திறக்கவில்லை. மூன்றாவது முறை தட்டக் கை போனது. தட்டாமல் கியரை மாற்றினாள்.

பென்சில்வேனியாவின் வடக்கு மலைகளுக்கு நடுவே, ஓடையை ஒட்டிய அந்தச் சாலையில் ரோடா இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். சக்கரம் உண்மைதான், ஆறு சக்கரம். ஆனால் ஆறும் ஒரே வட்டத்தைத்தான் சுற்றின. காலையில் கொட்டகையிலிருந்து கிளம்பி, பால் பண்ணை, தேவாலயம், பாலம், பள்ளிக்கூடம் என்று போய்த் திரும்பக் கொட்டகை. மாலையில் அதையே தலைகீழாக. கல்யாணம் ஒன்று நடந்து முறிந்தபோதுகூட அவள் மாறிப்போனது, அண்ணன் வீட்டுக்கு எதிரே கிடந்த நகரும் வீட்டுக்குத்தான். அந்த வீட்டுக்கும் அடியில் சக்கரம் இருந்தது. நகர்ந்ததில்லை.

லாமர் வேறு வார்ப்பு. மர அறுவை ஆலையில் உழைத்து ஓய்வுபெற்றவன். மான் வேட்டைக் காலம் தொடங்கும் நாளில் மரத்தில் கட்டிய பரணில் ஏறினானென்றால், விடியலிலிருந்து இருட்டும்வரை கல்லுப் பிள்ளையார் மாதிரி இருப்பான். மான் தானாக வந்து அவன் முன்னால் நிற்கும். ரோடாவின் பரணுக்குக் கீழே அணில்கூட நிற்காது. அரைமணி ஆனதும் அவளுக்கு முதுகு அரிக்கும், கால் துடிக்கும், மறுபக்கத்துச் சரிவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் போலிருக்கும்.

"உன் பின்னாடி எறும்புப் புத்தா இருக்கு?" என்பான் லாமர், பீட்ரூட்டில் ஊறிய முட்டையை வாயில் போட்டபடி. "காடு பூரா நீ நடந்தா, மானெல்லாம் என்கிட்டதான் ஓடி வரும். நடந்துக்கோ, நடந்துக்கோ. எனக்கு நல்லதுதான்."

மேற்கே போய் எல்க் வேட்டையாட வேண்டும் என்பது லாமரின் யோசனை. எல்க் என்றால் அவர்கள் ஊர் மானைப் போல மூன்று மடங்கு, குதிரை உயரம், தலையில் மரக்கிளை போலக் கொம்பு. வயோமிங் மாநிலத்தில் வெளியூர்க்காரருக்கு அனுமதி கிடைப்பது குலுக்கலில்தான். கிடைக்காத வருடத்துக்கு ஒரு புள்ளி சேரும். புள்ளி சேரச்சேர வாய்ப்பு கூடும். கிடைத்துவிட்டால் சேர்ந்ததெல்லாம் பூஜ்யம். அண்ணனும் தங்கையும் ஒரே குழுவாக வருடாவருடம் பெயர் கொடுத்து, கடைசியில் அந்தக் கோடைத் தொடக்கத்தில் இரண்டு பேருக்கும் கிடைத்தது. சேதி வந்த அன்றே லாமர் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் போய், உத்தரத்தில் இரண்டு பக்கமும் கொக்கி வைத்த ஒரு தராசைக் கட்டித் தொங்கவிட்டான்.

காரணம் இருந்தது. மலைக்குள் கூட்டிப்போகும் கார்வின் டீக் என்பவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: சாமானெல்லாம் கோவேறு கழுதை மேல்தான் ஏறும், ஜோடியாக வருகிறவர்களின் இரண்டு பைகளும் ஒரே கழுதையின் இரண்டு பக்கம் தொங்கும், இரண்டும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் சேணம் சரியும். சேணம் சரிந்தால் கழுதையின் முதுகு புண்ணாகும், இல்லையென்றால் கழுதையே பள்ளத்தில் உருளும்.

லாமர் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கோடை முழுவதும் அந்தக் கொட்டகையில் பை ஏறியது, இறங்கியது. ரோடா வெளியே போய்வந்து வண்டியை நிறுத்தும்போதே குரல் வரும்.

"உன் பை கனக்குது."

"நேத்துச் சரியா இருந்துச்சே."

"நேத்து நீ அந்தக் கம்பளிச் சட்டைய வெக்கல. எதையாவது எடு."

"எடுத்தா குளிர்ல செத்துருவேன். நீ எடு. மூணு ஜோடி உள்ளாடை எதுக்கு உனக்கு? கல்யாணத்துக்கா போற?"

"கழுதைக்கு முன்னாடி மானம் போகக் கூடாது பாரு," என்று சொல்லி, அவளுடைய பையைப் பிரித்து எதையோ எடுத்துத் தன் பையில் செருகுவான். முள் நடுங்கி நிற்கும். அவன் முகத்தில் ஒரு நிறைவு வரும். அவளுக்கோ பொறுக்காது. இப்போதே கிளம்பினால் என்ன, நாளைக்கே போனால் என்ன என்று கொட்டகையின் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பாள்.

ஆகஸ்டில் டாக்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆலையில் தின்ற மரத்தூளும், பிறகு வந்த நெஞ்சு வலியும் சேர்ந்து, அந்த உயரத்தில் லாமரால் மூச்சுவிட முடியாதாம்.

அன்று சாயங்காலம் லாமர் தன் அடுக்களையில் உட்கார்ந்து, மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தான்.

"ரெண்டு பேரும் அனுமதியத் திருப்பிக் குடுத்துடலாம். டாக்டர் சீட்டு வெச்சா புள்ளி திரும்ப வந்துரும். நெஞ்சு சரியானதும் போலாம்."

"உனக்கு வரும் லாமர். எனக்கு எந்த டாக்டர் சீட்டுக் குடுப்பார்? அண்ணனுக்கு மூச்சு வாங்குதுன்னு தங்கச்சிக்கா குடுப்பாங்க?"

"போனாப் போகட்டும். மறுபடியும் சேர்த்துக்கலாம்."

"மறுபடியும் சேர்த்து முடிக்கறதுக்குள்ள என்னைக் கழுதை மேல ரெண்டு பேர் தூக்கித்தான் வெக்கணும்."

"அப்ப தனியாப் போறேங்கற."

ரோடா சன்னல் வழியே சாலையைப் பார்த்தாள்.

"உன்னால அரைமணி நேரம் ஒரு எடத்துல உட்கார முடியாது," என்றான் லாமர். "நீ போய் என்னத்தக் கிழிக்கப் போற?"

"கிழிக்கலைன்னா பரவால்ல. பாத்துட்டாவது வரேன்."

அதோடு அவன் பேச்சை நிறுத்தினான். கோபத்தில் கதவை அறையும் ஆளில்லை அவன்; தண்ணீர்க் குழாயை மூடுவதுபோல மூடிவிட்டான். தன் பையைக் கொட்டகையிலிருந்து தூக்கிவந்து வீட்டு நடையில், சுவரோரம் நிறுத்தினான். அவள் கிளம்பும்வரை அந்தப் பை பிரிக்கப்படவும் இல்லை, இடம் மாறவும் இல்லை.

ஓஹாயோ, இந்தியானா, அயோவா என்று சோளக்காடு முடியாமல் ஓடியது. ரோடா ஓட்டிக்கொண்டே இருந்தாள். எந்தப் பாலத்திலும் திரும்ப வேண்டியதில்லை, எந்த வீட்டு முன்னாலும் நிற்க வேண்டியதில்லை என்பது முதல் நாள் அவளுக்குப் போதையாக இருந்தது. இரண்டாம் நாள் பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் ஓட்டப் பழகினாள். அதன் பிறகு மலைகள் தெரிந்தன. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, பார்த்து, மறுபடி ஏறி, கொஞ்ச தூரம் போய் மறுபடி இறங்கினாள்.

கார்வின் டீக்கின் பண்ணையில் ஒரு வழக்கம். வருகிறவர் யாராக இருந்தாலும், மலை ஏறுவதற்கு முன்னால் காகிதத் தட்டு ஒன்றைத் தூரத்தில் குத்திவைத்து அவர் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். தட்டில் படாவிட்டால் குதிரை கிடையாது. ரோடா தகப்பனாரின் பழைய துப்பாக்கியை எடுத்து வைத்துவிட்டுத் தோட்டாவுக்காகப் பையைத் திறந்தாள். கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, காலுறை எல்லாம் வந்தன. அடித்துணி வரை வந்தாள். தோட்டா இல்லை.

புல்லில் மண்டிபோட்டபடியே அவளுக்கு ஞாபகம் வந்தது. ஜூலையில் ஒரு நாள். முள் அவள் பக்கம் சாய்ந்திருந்தது. அப்பா விட்டுப்போன இரண்டு துப்பாக்கிகளுக்கும் ஒரே வகைத் தோட்டா, இப்போது கடைகளில் எளிதில் கிடைக்காத வகை. "எல்லாம் என் பையிலயே இருக்கட்டும், ஒண்ணாத்தான இருக்கப் போறோம்," என்று சொல்லி அவளுடைய இரண்டு பெட்டிகளையும் லாமர் எடுத்துக்கொண்டான். முள் நேராக நின்றது.

கார்வின் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். "வாராவாரம் யாராவது எதையாவது மறந்துட்டு வர்றதுதான். பூட்ஸ மறந்துட்டு வீட்டுச் செருப்போட வந்தவங்களைப் பாத்துருக்கேன். ஆனா தோட்டா இல்லாம வந்த பென்சில்வேனியாக்காரர் நீங்கதான். அங்கெல்லாம் தொட்டில்லயே தோட்டா போடுவாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"மறக்கல," என்றாள் ரோடா. "எங்க இருக்குன்னு நல்லாத் தெரியும்."

பக்கத்து ஊர்க் கடையில் அந்த வகை இல்லை. கடை வாசலில் நின்று போனை எடுத்து லாமரின் பெயரைத் தொட்டாள். அழைப்பு போவதற்குள் துண்டித்தாள். என்ன கேட்பது? அவன் சன்னலோரம் நின்றபோது, தோட்டா தன் நடையில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியுமா? தெரிந்துதான் கதவைத் திறக்காமல் இருந்தானா? கேட்டால் ஏதோ ஒரு பதில் வரும். வந்த பிறகு அதோடுதான் வாழ வேண்டும். போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

கார்வின் தன் மனைவியின் துப்பாக்கியைக் கொடுத்தார். இரண்டு முறை தட்டுக்கு வெளியே போனது, மூன்றாவது ஓரத்தில் பட்டது, அதற்கப்புறம் நடுவில். "போதும்," என்றார்.

மறுநாள் காலை பொதி கட்டுகிற டேசி என்ற பெண் ரோடாவின் பையைத் தராசில் மாட்டிப் பார்த்தாள். "இன்னொண்ணு எங்கங்க? ரெண்டு பேருன்னு சொன்னாங்க."

"வரல."

"பையா, ஆளா?"

"ரெண்டும்."

டேசி குதிரைத் தீவன மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து, கொஞ்சம் அள்ளி வெளியே போட்டு, எடை சரிபார்த்து, கழுதையின் மறுபக்கத்தில் ஏற்றிக் கயிற்றை இறுக்கினாள். "தீவனம் நல்ல துணைங்க. குறட்டை விடாது," என்றாள். வழி முழுவதும் ரோடாவின் கண்ணுக்கு முன்னால் அந்தக் கழுதை நடந்தது. ஒரு பக்கம் அவளுடைய பை, மறுபக்கம் அந்தச் சாக்கு.

மலையில் நடப்பதுதான் வேட்டை என்று கண்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. விடிந்ததிலிருந்து ஏற்றம், இறக்கம், அடுத்த முகடு, அதற்கடுத்த முகடு. கார்வின்தான் மூச்சுவாங்க நின்று, "நில்லுங்க, நில்லுங்க. எல்க் எங்கயும் ஓடிடாது," என்பார்.

ஓடவும் செய்தது. ஒரு காலையில் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கொம்பன் எல்க் கூவியது. துருப்பிடித்த கீலைப் போலத் தொடங்கி விசிலாக முடிகிற குரல். கார்வின் அவளை ஒரு மரத்தடியில் உட்காரவைத்தார். "நான் பின்னாடி போய்ப் பெட்டை மாதிரிக் குரல் குடுக்கறேன். அது உங்களைத் தாண்டித்தான் என்னைத் தேடி வரும். அசையக் கூடாது. அவ்வளவுதான் வேலை."

அசையக் கூடாது. அவள் உட்கார்ந்தாள். பின்னால் பெட்டையின் குரல், முன்னால் கிளைகள் முறியும் சத்தம். லாமராக இருந்தால் இந்நேரம் கல்லாகியிருப்பான். அந்த நினைப்பு வந்ததுமே முழங்கால் துடித்தது. சரிவு மறைக்கிறதே, எந்தப் பக்கமிருந்து வருகிறதோ என்று தலையை ஒரு விரற்கடை நீட்டினாள். மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய பழுப்பு உடம்பு நின்று, அவளை நேராகப் பார்த்து, திரும்பிப் போனது.

கார்வின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டவில்லை. "எங்க அண்ணன் இருந்திருந்தா கிடைச்சிருக்கும்," என்றாள் அவள்.

"உங்க அண்ணன் இந்த மரம் வரைக்கும் ஏறியிருப்பாரா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்தது. அது ஆறுதலாக இல்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள், ஒரு முகட்டைத் தாண்டும்போது இருவரும் ஓர் இளங்கொம்பனின் மேல் மோதப் பார்த்தார்கள். ஒரு பக்கக் கொம்பு குட்டை. உட்கார நேரமில்லை, நின்றபடியே சுட்டாள். அது சில அடி நடந்து, மடங்கிச் சரிந்தது. கழுத்து மயிரில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் பக்கத்திலேயே இருந்தாள். அந்த ஒரு தடவை அவள் கால் துடிக்கவில்லை.

ஊர் திரும்பியதும், எலும்பு நீக்கிப் பொட்டலம் கட்டிய கறியில் சரிபாதியை லாமரின் வாசலில் வைத்தாள். மறுநாள் காலை அது அவளுடைய படிக்கட்டில் இருந்தது, ஐஸ் பெட்டியோடு. ஸ்டால்நெக்கர் வீட்டில் யாரும் கறியைத் திருப்பி அனுப்பியதாகச் சரித்திரம் கிடையாது. எல்லாவற்றையும் தன் ஃப்ரீசரிலேயே அடைத்தாள். கதவு மூடவில்லை, நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தாள்.

குளிர்காலம் வந்தது. மான் வேட்டை தொடங்கிய நாளில் லாமர் தன் இன்னொரு துப்பாக்கியோடு தனியாகப் பரணுக்குப் போனான், தனியாகத் திரும்பினான். அவன் வீட்டு வாசற்கதவின் கண்ணாடி வழியே நடை தெரியும். அங்கே அந்தப் பை சுவரோரம் நின்றது. கிறிஸ்துமஸுக்கும் நின்றது. பனி உருகியபோதும் நின்றது. அதைப் பார்த்தபடி ரோடா பேருந்துக் கொட்டகைக்குப் போவாள். பால் பண்ணை வரைக்கும், தோட்டா அங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்காது என்று நினைப்பாள். தேவாலயம் தாண்டியதும், தெரியாமல் எப்படி இருக்கும், முள்ளை நேராக்கியது அவன் கைதானே என்று தோன்றும். பாலத்தில், அண்ணனைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாக இருக்கும். பள்ளிக்கூடம் வருவதற்குள் மறுபடி தொடக்கத்துக்கே வந்துவிடும். மாலையில் அதையே தலைகீழாக.

மே மாதக் கடைசியில் ஒரு பிற்பகல். பள்ளி விடுவதற்காகப் பேருந்துகள் வரிசையாக நின்றன. ரோடா எஞ்சினை அணைக்காமல், பிரேக்கின் மேல் காலைத் தட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. போன கோடைக்குப் பிறகு லாமரிடமிருந்து வந்த முதல் சேதி.

"இன்னைக்குத்தான் பையைப் பிரிச்சேன். உன் தோட்டா ரெண்டு பெட்டியும் என்கிட்ட இருக்கு ரோடா. அப்ப நீ எதை வெச்சுச் சுட்ட?"