சிவப்பு மருந்துக்கு மறுபடியும் கை நீட்டிய ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா இன்று காலை போய்விட்டார்.

அவர் மகள் ஜெனிதான் போன் பண்ணினாள். "சித்தி... அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க."

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பீங்கான் யூனிட். சூளையிலிருந்து வரும் ஃப்யூஸ் கட்டைகளைத் தரம் பிரிக்கிற மேஜையில் அவரும் நானும் எதிரெதிர் ஸ்டூல்.

அங்கே இருந்தபோதுதான் அவருக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன், கீமோ... சிவப்பாக ஒரு மருந்து ஏற்றினார்கள். முடி போனது. வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்படியும் தேறி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சில வருஷம் கழித்துத் திரும்ப வந்தது. இந்த முறை ஈரலில்.

"செத்தாலும் சாவுறேன், அந்தச் செவப்புத் தண்ணி மட்டும் வேணாம்." ஒரே பிடிவாதம்.

அவர் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு என்னைத் தேடி வந்தார். "நீ சொன்னா கேப்பா சுமதி. கூட வாம்மா."

மூன்று பேரும் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினோம். வழி முழுக்க அக்கா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "அதே மருந்துதாம்மா. ஆனா இப்ப அத கொழுப்புல செஞ்ச ரொம்ப ரொம்பச் சின்ன உருண்டைக்குள்ள வச்சுத் தர்றாங்க. நானோன்னு சொல்றது. கட்டிக்குப் போற ரத்தக் குழாய்ல இடைவெளி பெருசு, அது வழியா கசிஞ்சு அங்க தங்கும். மத்த எடத்துல அவ்வளவா எறங்காது."

"நானோங்களா? டிவியில காட்றாங்களே, அந்தக் குட்டிக் காருங்களா டாக்டர்?" என்றார் அந்தோணி அண்ணன், நிஜமாகவே.

டாக்டர் சிரித்துவிட்டார். அக்காவும்தான்... அன்றைக்கு முதல் முறையாக.

பிறகு அக்கா கேட்டார். "எம் பொண்ணு ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் தாங்குமா சார்?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. போட்டுப் பாக்கலாம்."

பாட்டிலைக் கொண்டுவந்து மாட்டியபோது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அதே கலருதாண்டி..." கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கையை நர்ஸிடம் நீட்டினார்.

இந்த முறை முடி கொட்டவில்லை. சோறு இறங்கியது. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் சிவந்து தோல் உரிந்தது. சூடு படவே கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சூளைக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவருக்கு...

லீவு போடச் சொன்னோம். "வூட்ல தனியா குந்திக்கினு இருந்தா கண்டதையும் நெனைக்கத் தோணுது" என்று வந்துவிட்டார்.

அதனால் கட்டைகளை நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவேன். கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொல்வார். "கீறல், தள்ளு. இது நல்லது. ஏய், திருப்பிக் காட்டுடி, அவசரப்படாத!"

அவருக்கு டீயை ஆற வைத்துத்தான் கொடுப்போம். "இத டீன்னு சொல்லாதீங்க" என்று தினமும் திட்டிக்கொண்டே குடிப்பார்.

ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. ரிப்போர்ட் வந்த அன்றைக்கு அந்தோணி அண்ணன் யூனிட் முழுக்க ஜிலேபி கொடுத்தார். வாட்ச்மேனுக்கு இரண்டு தடவை கொடுத்துவிட்டார்.

ஜெனி ப்ளஸ் டூ முடித்தாள். நர்ஸிங் முடித்தாள். திட்டக்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் அக்கா இருந்தார். நடுவில் இன்னும் என்னென்னவோ மருந்துகள்... எல்லாம் பார்த்துவிட்டார்.

போன மாதம் கருவேப்பிலங்குறிச்சியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். டாக்டர் புதிதாக ஒரு மருந்து சொன்னாராம், வேண்டாம் என்றுவிட்டாராம். ஏன்க்கா என்றேன்.

"அன்னிக்கு பயந்துகினு வேணாம்னேன் சுமதி. இப்ப பயம்லாம் இல்ல. போதும்னு இருக்குது." சொல்லிவிட்டு, "சாப்ட்டுப் போ, மீன் கொழம்பு இருக்குது" என்றார். சாப்பிட்டுத்தான் வந்தேன்.

சாயந்திரம் அடக்கம். பழைய யூனிட் ஆட்கள் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.

நிம்மதியா தூங்குங்க அக்கா.