காற்று வரும் இடம்

எங்கள் மூன்றாம் வகுப்பின் கடைசி ஜன்னலில் ஒரு கம்பி இல்லை. அதை ஒட்டிக் கிடந்த ஒற்றைப் பெஞ்சில்தான் ஒரு வருடம் தனியாக உட்கார்ந்திருந்தேன். மழை சாய்ந்தால் இடது தோள் நனையும். யாராவது கேட்டால் வகுப்பு டீச்சர், "அந்தப் புள்ளைக்குக் காத்து வரட்டும்னு உக்கார வச்சிருக்கேன்" என்பார்.

காற்று எனக்காக இல்லை. தரங்கம்பாடியில் அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா கூடையில் மீன் விற்பவள். பள்ளிக்கூடமோ வயல்காரர்களின் ஊரில் இருந்தது. டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டதும் முன்வரிசையில் ஒருவன் மூக்கைப் பிடிப்பான். நான் "உள்ளேன் டீச்சர்" சொல்வதற்குள் வகுப்பே மூக்கைப் பிடித்திருக்கும். "கவுச்சி வந்தாச்சு டோய்!" அம்மா சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, கழுத்து வெளுக்கப் பவுடர் அப்பி அனுப்பினாள். அன்றே நான் "பவுடர் போட்ட கருவாடு" ஆனேன்.

டீச்சர் பார்க்காமல் இல்லை. நான் அழுதபோது, "வெளையாட்டுக்குச் சொல்றாங்க, கண்டுக்காத" என்றார். மறுநாள் என்னை ஜன்னலோரம் மாற்றினார். மூக்கைப் பிடித்தவர்கள் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனவள் நான். எட்டு வயதில் அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது: நாற்றம் உண்மைதான், டீச்சரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா திட்டவில்லை. ஒரு காரியமாகப் போனால் எங்கள் பக்கம் வெறுங்கையோடு போவதில்லை. விற்க வைத்திருந்த வஞ்சிரத்தை வாழையிலையில் சுற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் கொல்லைப்பக்கமாக வரச்சொன்னார்.

"புள்ளையக் கொஞ்சம் பாத்துக்கங்க டீச்சர்."

"நல்ல மீனா இருக்கே! அவளுக்குக் காத்து வர்ற எடமா பாத்துக் குடுத்திருக்கேன். கவலப்படாதம்மா."

திரும்பும் வழியெல்லாம் அம்மாவுக்குச் சிரிப்பு. "பாத்தியாடி? இத்தன புள்ளைங்கள்ல ஒனக்குத்தான் காத்தோட்டமா எடம். இதுக்கா அழுத?" அதன்பின் நல்ல மீன் பட்டபோதெல்லாம் டீச்சர் வீட்டுக்கு ஒரு பங்கு போனது. எங்கள் மீன் அவர் குழம்பில் மணத்தது. என் மேல் மட்டும் நாறியது. அம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பை அணைக்க மனமில்லாமல் மறுநாள் பள்ளிக்குப் போனேன். எல்லா வகுப்பிலும் முதலாவதாக வந்தேன். அந்தப் பிடிவாதம் என்னுடையது. அதில் யாருக்கும் பங்கில்லை.

இப்போது பாபநாசம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் டீச்சர். அறுத்த வயல்களில் வாத்து மேய்க்க வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். முதல் நாள் அவள் பெயரைக் கூப்பிட்டதும் பின்னாலிருந்து "குவாக்" என்றது ஒரு குரல். வகுப்பு சிரித்தது. பாடத்தை நிறுத்தினேன். "இது வெளையாட்டு இல்ல. ஒரு ஆள எல்லாரும் சேந்து அழ வச்சா அதுக்குப் பேரு கொடும. சிரிச்சவங்களுக்கும் அதுல பங்கு உண்டு" என்றேன். கத்தியவனைத் தனியே அழைத்துப் பேசினேன். "நிறுத்து, எனக்குப் புடிக்கல" என்று நிமிர்ந்து சொல்ல அவளைப் பழக்கினேன். வாய் வராவிட்டால் என்னிடம் வரச் சொன்னேன். அவள் பக்கத்தில் போய் நிற்க மற்றவர்களைப் பழக்கினேன். சத்தம் குறைந்திருக்கிறது. நின்றுவிடவில்லை.

போன வாரம் அவள் என் மேசையருகே வந்து நின்றாள். "டீச்சர், நான் அந்த ஜன்னல்கிட்ட தனியா உக்காந்துக்கவா?"

"யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல டீச்சர்."

"நீ எங்கயும் போக வேணாம். நடுவுல, ஒன் எடத்துலயே உக்காரு" என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

அன்று அம்மா போனில் பேசினாள். அந்த ஜன்னலோரம் எனக்கு ஏன் கிடைத்தது என்று இன்றுவரை அவளிடம் நான் சொன்னதில்லை. "நீயும் அந்த டீச்சரம்மா மாதிரி புள்ளைங்கள ஜன்னலோரமா உக்கார வைக்கிறியா?" என்று பெருமையாகக் கேட்டாள்.

"யாரையும் அங்க வைக்கிறதில்லம்மா."

"ஏன்டி? பாவம், காத்து வராதே" என்றாள்.